விடியும்வரை எரிகிற பற்றரி

1. வாங்கில் தீர்ப்பு

அந்த மனிதர் சாக்கை மடித்துத் தோளில் போட்டு, அதன்மேல் பற்றரியைச் சுமந்துகொண்டு கடைக்குள் வந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பற்றரியின் பக்கவாட்டில் விற்ற திகதியோடு எங்கள் கடை முத்திரை இருந்தது, அதைத்தான் பார்த்தேன். விற்று ஒரு வருஷம்கூட ஆகாத பற்றரி. இன்றைக்கு ஒரு வழக்கு வந்திருக்கிறது என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

வழக்கு என்றுதான் நாங்கள் சொல்வோம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்துபோய், புதுப் பற்றரி ஒன்றுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு ஆட்கள் காத்திருந்த காலம். கரண்ரிக் காலத்துக்குள் பழுதானால் கடை மாற்றிக் கொடுக்க வேண்டும். பிழை பற்றரியிலா, பாவித்தவரிலா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. யாழ்ப்பாணம் பட்டினத்தில் இருந்த அந்தக் கடையில் நான் பற்றரி வேலைக்காரன். கோப்பாயிலிருந்து தினமும் சைக்கிளில் வந்து போவேன். அப்போது எனக்கு முப்பது வயதும் ஆகவில்லை.

கடை வாசலில் ஆட்கள் இருக்கிற ஒரு நீள மர வாங்கு கிடந்தது. பற்றரியை அதில் ஏற்றி, மூடிகளைக் கழற்றி, ஹைட்ரோமீற்றரை விட்டு அசிற்றை உறிஞ்சிப் பார்ப்பேன். பிறகு சார்ஜைச் சோதிக்கிற, இரண்டு முள்ளுள்ள ரெஸ்ரரை ஒவ்வொரு செல்லிலும் குத்துவேன். கம்பி சிவந்து புகையும். அதைப் பார்க்க பஸ்சுக்கு நிற்கிறவர்கள், தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் எல்லோரும் கூடிவிடுவார்கள். நான் பார்த்து முடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகத் தீர்ப்புச் சொல்வேன். பெரும்பாலும் ‘கிணத்துத் தண்ணி’ என்பதுதான் தீர்ப்பு. எங்கள் ஊர்க் கிணற்று நீர் சுண்ணாம்பு கலந்தது. காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கப் பஞ்சிப்பட்டுக் கிணற்று நீரை ஊற்றிப் பற்றரியைக் கொன்றவர்கள் எத்தனையோ பேர். சனம் எனக்கு ‘பற்றரி நீதவான்’ என்று பட்டம் வைத்தது. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் முதலாளிக்கு இன்னும் பிடித்திருந்தது, ஏனென்றால் நீதவான் அநேகமாகக் கடைக்குச் சார்பாகவே தீர்ப்புச் சொல்வான்.

வந்தவர் ஏதோ கதைக்க வாயெடுத்தார். “பொறுங்கோ அண்ணை, முதல் நான் பாக்கிறன்” என்று கையைக் காட்டி நிறுத்தினேன்.

மூடிகளைக் கழற்றினேன். ஆறு செல்லிலும் அசிற் ஒரே மாதிரி இறங்கிப்போய், பிளேட்டெல்லாம் வெள்ளை படிந்து கிடந்தது. ஒரு செல் மட்டும் செத்தால் அது கொம்பனிப் பிழை. ஆறும் சேர்ந்து இப்படி வெளுத்தால் ஆள் பற்றரியை அடிமட்டம் வரைக்கும் இறக்கி இறக்கி எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“அண்ணை, உது வான் எஞ்சினை ஸ்ராட் பண்ணுற பற்றரி. நீங்கள் இரவிரவா லைற் எரிச்சிருக்கிறியள். சரியோ?”

“ஓம் தம்பி. எரிச்சனான்.”

“ஒரு நாள் ரண்டு நாளில்லை. ஒவ்வொரு நாளும்.”

“ஓம். ஒவ்வொரு நாளும்.”

குற்றவாளி இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்குப் போதவில்லை. நான் சனத்தின் பக்கம் திரும்பினேன். “கடற்கரை வாடியிலை சீட்டாட்டம் போலை. இல்லாட்டி ஒவ்வொரு நாளும் கலியாணவீடோ?” என்றேன். சனம் சிரித்தது. பின்னுக்கு நின்ற ஒருவர் கையைத் தட்டினார்.

அந்த மனிதர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். கோபமில்லாத குரலில்தான் சொன்னார். “என்ரை பொடியன் வலை எடுக்கப் போனவன் தம்பி. இன்னும் வரேல்லை. வானைக் கடலைப் பாக்க விட்டிட்டு, ஹெட் லைற்றைப் போட்டுவிடுறனான். விடியமுன்னம் மங்கிப் போகுது. நான் இதை மாத்தித் தரச் சொல்லி வரேல்லை. விடியும்வரைக்கும் எரியிற பற்றரி ஏதும் இருக்கோ எண்டு கேக்கத்தான் வந்தனான். நீர் கேக்கவிடேல்லை.”

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. கை தட்டினவர் முதலில் போனார். நான் மட்டும் போக இடமில்லாமல் மூடிகளைத் திரும்பவும் பூட்டிக்கொண்டு நின்றேன். ஒரு மூடி கைதவறி உருண்டது. அதை அவர்தான் குனிந்து எடுத்துத் தந்தார்.

2. தடித்த பிளேட்

அவருடைய பெயர் கந்தசாமி. வடமராட்சிக் கரையோரத்து ஆள். ஒரு பழைய ஒஸ்ரின் வான் வைத்திருந்தார். பருவத்துக்குச் செம்பியன்பற்றுப் பக்கம் வாடி போட்டு மீன்பிடிப்பார்கள். கடற்கரையில் தென்னோலைக் கிடுகால் கொட்டில் கட்டி, இரண்டு மூன்று மாதம் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுத் தங்குவதைத்தான் வாடி என்பது. ஒரே பற்றரி வானையும் ஸ்ராட் பண்ண வேண்டும், வாடிக்கு வெளிச்சமும் ரேடியோவும் தர வேண்டும். அப்படிப் பாவிக்கிறவர்கள் நிறையப் பேர். மகன் ஒரு பின்னேரம் வள்ளத்தில் தனியே போனவன். காற்று மாறி இந்தியக் கரைக்கு அள்ளுப்பட்டுப் போயிருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்களாம். முன்பும் அப்படிப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. கரை தெரிய வேண்டுமே என்று தகப்பன் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேசையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்ட முதலாளி எழும்பி வந்தார். “லொறிப் பற்றரி ஒண்டைக் குடு, சிவம். இருக்கிறதிலை பெரிசாக் குடு” என்றார்.

“அது சரிவராது முதலாளி” என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். எந்தப் பற்றரி நல்லது என்று இப்போது என்னிடம் கேட்கிற இளம் ஆட்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான்.

ஸ்ராட் பண்ணுகிற பற்றரிக்குள் மெல்லிய பிளேட்டுகள் நெருக்கமாக இருக்கும். கண நேரத்துக்குப் பெரிய கரண்ட் தரும், உடனே டைனமோ அதை நிரப்பிவிட வேண்டும். வெறுமையாகும்வரை எடுத்தால் சில தரத்திலேயே பிளேட் உதிர்ந்துவிடும். பற்றரி பெரிதானாலும் அந்தக் குணம் மாறாது. மணித்தியாலக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பிறகு நிரப்பி, திரும்ப எடுப்பதற்குப் பிளேட் தடிப்பாக இருக்க வேண்டும். மூட்டையை ஒரே மூச்சில் லொறிக்கு எறிகிற ஆள் வேறு, வண்டில் இழுக்கிற மாடு வேறு. ஆனால் எங்கள் சனம் பற்றரி வாங்க வந்தால் கம்பியை உரசி, நெருப்புப் பொறி எவ்வளவு பறக்கிறது என்று பார்த்துத்தான் வாங்கும். பொறி பெரிதாகப் பறக்கிற பற்றரி வாடிக்கு உதவாது என்று நாங்களும் சொன்னதில்லை.

கடையின் பின்பக்கத்தில் ரயில் பெட்டிகளுக்கு லைற் எரித்த பழைய செல்கள் பன்னிரண்டு கிடந்தன. கழித்துவிட்ட சாமான் ஏலத்தில் முதலாளி எடுத்தவை. உயரமான கறுப்புச் சாடிகள், உள்ளே தடித்த பிளேட்டுகள். நான் கழுவிச் சார்ஜ் பண்ணிப் பார்த்து, நல்லவை என்று தெரிந்து வைத்திருந்தேன். உடுப்பிட்டியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ஒருவருக்குக் கோயில் திருவிழாவுக்குத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

“அதைத்தான் குடுக்கவேணும்” என்றேன்.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். “உடுப்பிட்டியாருக்கு நான் பதில் சொல்லுறன். நீ உன்ரை வாயைக் குறை” என்றார். பிறகு கந்தசாமி அண்ணையைக் கூப்பிட்டு வைத்துத் தேத்தண்ணி எடுப்பித்தார். எனக்கு எடுப்பிக்கவில்லை.

ஆறு செல் ஒரு செற். ஒரு செற் வாடியில் எரிய, மற்றது கடையில் சார்ஜில் நிற்கும். மூன்று நாளைக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும். பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. வானுக்குத் தனியாக ஓர் இரவல் பற்றரி, அதில் லைற் போடவே கூடாது. ஹெட் லைற்றை விட்டுவிட்டு, கம்பத்தில் ஒரு சின்னப் பல்ப் போடச் சொன்னேன்.

“சின்ன வெளிச்சம் தூரத்துக்குத் தெரியுமோ அண்ணை?” என்று நானே சந்தேகப்பட்டுக் கேட்டேன்.

“கடலிலை பீடி நெருப்பும் தெரியும் தம்பி. உயரத்திலை இருந்தாச் சரி. விடியும்வரைக்கும் நிண்டாச் சரி” என்றார்.

3. வாடியில் ஒரு கேள்வி

அடுத்த நாள் காலை முதலாளியின் மொறிஸ் மைனர் காரில் ஆறு செல்லையும் ஏற்றிக்கொண்டு கந்தசாமி அண்ணையோடு போனேன். பளை தாண்டிய பிறகு மணல் பாதை. வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். வாயைத் திறந்தால் அசிற் சிந்தாமல் ஓட்டுவதைப் பற்றித்தான் வந்தது. அவர்தான் கதைத்தார்.

“நீர் சொன்னது சரிதானே தம்பி. நான்தான் பற்றரியைப் பழுதாக்கிப்போட்டன். பகலிலை எஞ்சினை ஓடவிட்டு நிரப்பலாம் எண்டு பாத்தனான்.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று விளங்கியபோது, காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து போய்விடலாம் போல இருந்தது.

வாடியில் நாலைந்து கொட்டில்கள். வழக்கமாக வாடியில் பெண்கள் தங்குவதில்லை. அவருடைய மனைவி மட்டும் மகன் வராத பிறகு வந்து, போக மறுத்து அங்கேயே இருந்தார். நான் கம்பம் நட்டு, வயர் இழுத்து, பல்புக்குப் பின்னால் பிஸ்கற் ரின் தகரத்தை வளைத்துப் பூட்டினேன். பிறர் கைபடாதபடி செல்களை வரிசையாகக் கொட்டிலின் நிழலில் வைத்து, முனைகளுக்கு வஸ்லின் பூசினேன். வேலை நன்றாக அமைந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் தெம்பும் வந்தது என்று நினைக்கிறேன்.

அந்த அம்மா வெறும் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து தந்தார். செல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, உது எவ்வளவு காலத்துக்கு எரியும்?”

இந்தக் கேள்வியை நான் கடையில் ஒரு நாளில் பத்துத் தரம் சனத்தின் வாயால் கேட்கிறவன். மறுமொழி நாக்கு நுனியில் இருந்தது. “தடிச்ச பிளேட் அம்மா. முறையா மாத்தி மாத்திச் சார்ஜ் பண்ணினா வருஷக்கணக்கிலை எரியும்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“வருஷக்கணக்கிலையோ” என்றார். பிறகு கொட்டிலுக்குள் போய்விட்டார்.

கந்தசாமி அண்ணை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தேத்தண்ணிக் கோப்பையை மணலில் வைத்தேன். கடையில் செய்ததை ஆணவம் என்று சொல்லலாம். இங்கே ஆணவமில்லை, கெட்ட எண்ணமில்லை, சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனாலும் அதைவிட இதுதான் என்னை அதிகம் கூச வைத்தது, இன்றைக்கும் கூச வைக்கிறது. சுட்ட இடத்திலேயே திரும்பவும் சுட்டுவிட்டு, விலை விபரம் சொன்னவன் போல நின்றேன்.

4. திருப்பிக் கொண்டுவந்தது

அதன்பிறகு செற்றுகள் ஒழுங்காக மாறின. கந்தசாமி அண்ணை வானில் கொண்டுவந்து இறக்குவார், நிரம்பியதை ஏற்றிப் போவார். இந்தியாவிலிருந்து ஏதாவது செய்தி வந்ததா என்று முதலாளிதான் கேட்பார். வரவில்லை என்பார். வாங்கைச் சுற்றிக் கூட்டம் சேர விடாமல், பழுதான பற்றரி கொண்டுவருகிறவர்களை நான் பின் அறைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் ஆளைக் கேட்பேன். எதுக்குப் பாவிக்கிறியள், எத்தினை மணித்தியாலம், எப்ப நிரப்புறியள். சனத்துக்கு வேடிக்கை போய்விட்டது என்று குறை.

பருவம் முடிந்து வாடிகளைப் பிரிக்கிற நாட்களில் ஒரு காலை அவர் வாடியிலிருந்த ஆறு செல்லையும் கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொன்றையும் துடைத்து, முனைகளுக்குப் புதிதாக வஸ்லின் பூசியிருந்தார். பொடியன் வந்துவிட்டானோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

“இனித் தேவைப்படாது தம்பி. மனுசி நிப்பாட்டச் சொல்லிப்போட்டாள்.”

காரணத்தையும் அவரே சொன்னார்.

“‘வருஷக்கணக்கா எரியுமெண்டு அந்தத் தம்பி சொன்னவர்தானே, அது எரியும். நான் அதைப் பாத்துக்கொண்டு வருஷக்கணக்கா இருக்க ஏலாது’ எண்டு சொன்னாள். நேற்றுத் தானே போய் வயரைக் கழட்டினவள்.”

வேலைப் பழக்கம் பொல்லாதது. கை தன்பாட்டில் ஹைட்ரோமீற்றரை எடுத்தது. எடுத்ததை அப்படியே கீழே வைத்தேன். பார்க்கத் தேவையில்லை. செல்கள் நன்றாக இருந்தன என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

“நல்ல பற்றரி. ஒருநாளும் விடியமுன்னம் மங்கேல்லை” என்றார், என்னை ஆறுதல்படுத்துகிறவர் மாதிரி.

இளம் ஆட்கள் என்னிடம் கேட்டது, வாகனத்துக்கும் வெளியில் தங்கவும் எந்தப் பற்றரி நல்லது என்று. பிளேட்டைப் பாருங்கள், மணித்தியாலத்தைக் கணக்குப் பாருங்கள், பாதிக்குக் கீழே இறக்காதீர்கள், ஸ்ராட் பண்ணத் தனியாக ஒன்று வையுங்கள். அவ்வளவுதான். அதைவிட எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. எவ்வளவு காலத்துக்கு எரியும் என்று ஒருவர் கேட்டால், மறுமொழி சரியாகத் தெரிந்திருந்தாலும், அவருடைய முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கந்தசாமி அண்ணை இரவல் பற்றரியையும் அன்றைக்கே திருப்பித் தந்தார். வானுக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்றார். முதலாளி முன்பே அவருடைய பெயரைப் பதிந்து வைத்திருந்தார். நான் அலுமாரிப் பக்கம் திரும்பினேன். எதுக்குப் பாவிக்கிறியள் என்று கேட்டுப் பழகிய கேள்வி வாய்வரை வந்தது, கேட்க முடியவில்லை.

“ஸ்ராட் பண்ண மட்டும் தம்பி” என்றார் அவர். “மெல்லிய பிளேட் போதும்.”