வாய்க்குள்ள மெஷின், எதிர்ல பீச்

இன்னிக்கு சாயங்காலம் அடையார்ல பல் டாக்டர்கிட்ட வசமா மாட்டிக்கிட்டேன்.

ரூட் கெனால். வாயைப் பிளக்க வச்சு, கன்னத்துல பஞ்சை அடைச்சு, எச்சில் உறிஞ்சற குழாயையும் மாட்டிட்டார். அப்புறம்தான் எதிர்ல இருந்த டிவியைப் போட்டார்.

"வலி தெரியாம இருக்க புதுசா வீடியோ டெக் வாங்கியிருக்கேன் சார். பழைய படம். முழுக்க பீச்சுலயே நடக்கும், பாட்டும் காமெடியும்தான்!"

வேண்டாம்னு சொன்னேன். "ஆ"ன்னுதான் வந்தது.

"பிடிச்சிருக்கா?"ன்னு சத்தத்தைக் கூட்டினார்.

கட்டம் போட்ட டிராயர்ல எட்டு பேர் ஒரு குடையைச் சுத்தி ஆடறாங்க. பின்னாடி கடல், துணியில வரைஞ்சது. காத்தடிச்சா அலையெல்லாம் மடிஞ்சுபோகுது. நெஜக் கடல் பெசன்ட் நகர்ல இருக்கு, எழுந்து ஓடத்தான் வழியில்லை.

பாட்டு வந்தா டாக்டர் மெஷினை என் வாய்க்குள்ளயே நிறுத்திட்டுக் கூடப் பாடறார். காமெடி வந்தா, "சிரிச்சிடாதீங்க சார், குத்திடும்"ங்கறார். அந்த பயமே வேண்டாம் டாக்டர்னு சொல்லக்கூட முடியலை.

கடைசியில ஹீரோ ஒட்டுமீசையோட வந்து, தான் காதலிக்கற பொண்ணோட அப்பாவுக்கே நீச்சல் சொல்லித்தர தண்ணியில இறங்கறான். மீசை ஒரு பக்கம் பிய்யுது. அப்பா உத்துப் பார்க்கறார்.

டாக்டர் டக்குனு டிவியை அணைச்சுட்டார். "மிச்சம் வியாழக்கிழமை சார்."

பல்லும் பாதி, படமும் பாதி.

வேற டாக்டரைப் பாருங்கன்னு என் வீட்டுக்காரி கத்தறா. பார்க்கலாம்தான். ஆனா புது டாக்டர்கிட்ட இந்த கேசட் இருக்கணுமே?

நம்ம குழுவுல யாராவது இந்தப் படத்தைப் பார்த்திருந்தா, தயவுசெஞ்சு முடிவைச் சொல்லித் தொலைச்சுடாதீங்க.