பாட்டிலுக்குப் பட்டுப் பாவாடை

ரெபேக்காள் தைத்த பாட்டில் சட்டையை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மனுஷிக்கே ஒழுங்காக ஜாக்கெட் தைத்துக் கொடுக்க ஆள் கிடைக்காத காலத்தில், இவள் தண்ணீர் பாட்டிலுக்குச் சுருக்கு வைத்து, லேஸ் தைத்து, கழுத்தில் நாடா கட்டிக்கொண்டிருந்தாள். ஊரப்பாக்கத்தில் அவள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் நான் குடியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொலுசு ஒன்றுதான் குறை, அதையும் போட்டுவிடு என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, நிஜமாகவே கொலுசுக்கு இடம் தேடினாள்.

இந்தக் கூத்தைத் தொடங்கி வைத்தவர் அவள் கணவர் கிருபாகரன். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஒரு ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் பாட்டில் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் யார் பாட்டிலில் யார் வாய் வைக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ரெபேக்காள் தன் கத்தரிப்பூ நிற ஜாக்கெட்டில் மிஞ்சிய துணியை எடுத்து அவர் பாட்டிலுக்கு ஓர் உறை தைத்து மாட்டினாள். பெண்டாட்டி ஜாக்கெட்டோடு வேலைக்கு வருகிறான் என்று பஸ் முழுக்கக் கிண்டல். மனிதர் கழற்றவே இல்லை. கிண்டல் செய்தவர்களின் வீட்டிலிருந்தே பிறகு ஒவ்வொருத்தியாக வந்து தைக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாட்டில், பிளாஸ்க், கல்யாணத்தில் கொடுக்கும் குட்டி பாட்டில் என்று வேலை பெருகியது.

அவளிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. டேப் வைத்து அளவெடுக்க மாட்டாள். பாட்டிலே எதிரில் நிற்க வேண்டும். பிள்ளையை நிற்க வைத்துச் சட்டை தைப்பது போலத் துணியைப் போர்த்தி, குண்டூசி குத்தி, தட்டிக்கொடுத்துத் தைப்பாள். அளவை எழுதிக் கொடுத்தால் அவளுக்குக் கை ஓடாது. போன டிசம்பரில் அவளை அழவைத்தது இந்தப் பழக்கம்தான்.

கிருபாகரன் ஒரு காலத்தில் மொடாக்குடியராக இருந்தவர். வாங்கி வந்த பாட்டிலை லாஃப்டில் இருக்கும் பெரிய அண்டாவுக்குள் ஒளித்து வைப்பார். ரெபேக்காள் கண்டுபிடித்து ஊற்றிவிடுவாள். மறுபடியும் அதே அண்டாவில்தான் ஒளிப்பார், வேறு இடம் தேடக்கூட அந்த மனிதருக்குத் தோன்றாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் நிறுத்தினார், நிறுத்தியதுதான். எப்படி நிறுத்தினார் என்று கேட்டால் ரெபேக்காள் ஜெபத்தால் என்பாள், அவர் வெட்கத்தால் என்பார். இன்று எங்கள் சபையில் காணிக்கைப் பை எடுப்பவர் அவர். தெருவில் யார் ஊருக்குப் போனாலும் வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறோம். அந்த நல்ல பேரைச் சம்பாதிக்க அவர் எத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நடந்தார் என்பது எனக்குத் தெரியும். ரெபேக்காளுக்கு அந்தப் பேர்தான் நகை நட்டு எல்லாம்.

டிசம்பர் பிறந்த சமயம் மாமல்லபுரத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் பரிசுப்பொருள் கடை நடத்தும் மானசா என்ற பெண் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். கிறிஸ்துமஸுக்கு வருகிற விருந்தாளிகளுக்காக வைன் பாட்டிலுக்குப் பட்டுப் பாவாடையும் குட்டி ரவிக்கையும் தைத்துத் தர வேண்டும் என்றாள். ரெபேக்காள் முதலில் மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் ஜரிகை பார்டர் போட்டால் எப்படி இருக்கும் என்று கை அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. வழக்கம்போல மாதிரிக்கு ஒரு பாட்டில் கேட்டாள். காலி பாட்டில் ஒன்றை நன்றாகக் கழுவிக் கொடுத்தார்கள். அதைத் துண்டில் சுற்றி, கூடையின் அடியில் வைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, ரயிலேறி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வழியெல்லாம் யாரோ பார்ப்பது போலவே இருந்ததாம்.

வீட்டுக்கு வந்ததும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் கண்ணில் படக்கூடாது, பழைய நினைப்பைக் கிளப்பிவிடும். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வருகிறவர்கள் கண்ணிலும் படக்கூடாது. பாட்டில் ஒளிக்கிற இடம் என்று அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். லாஃப்டில் ஏறி அண்டாவுக்குள் வைத்துவிட்டாள். இதைக் கேட்டபோது எனக்கு அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும் போல இருந்தது. ஏண்டி, புருஷனிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய்?

மறுநாளே கிருபாகரன் கிறிஸ்துமஸ் ஸ்டார் எடுக்க லாஃப்டில் ஏறினார். அண்டாவுக்குள் துண்டில் சுற்றிய பச்சை பாட்டிலைப் பார்த்தார். தான் வைத்ததில்லை. ரெபேக்காள் வைத்திருப்பாள் என்று கனவிலும் நினைக்க முடியாது. மிச்சம் இருப்பது மகன் ஜெரோம். அவனுக்குச் சிறுசேரியில் வேலை, இருட்டிய பிறகுதான் ஆபீஸ் காரில் வந்து இறங்குவான். தன் பழக்கம் பிள்ளைக்கும் வந்துவிட்டது, ஒரு பாட்டிலைக் குடித்தே தீர்த்துவிட்டான், ஒளிக்கும் இடம்கூட அதேதான் என்று மனிதர் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ரெபேக்காள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பாட்டிலைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துப்போய், மறைமலைநகரில் ஒரு குப்பைத்தொட்டியில் வீசிவிட்டார்.

அளவு பார்க்க ஏறிய ரெபேக்காளுக்கு அண்டா காலியாகக் கிடந்தது. அவள் நினைப்பு நேராக ஓடியது. பாட்டிலைப் பார்த்திருக்கிறார், வாசனை பிடித்திருக்கிறார், பழைய ஆசை வந்துவிட்டது. நானே என் கையால் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேனே என்று அடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸிலிருந்து அவர் இறங்கி வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி அருகில் போய் நின்றாள். சோப்பு வாசனைதான் வந்தது. ஆனால் அவர் சாப்பிடவில்லை, முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜெரோம் வந்தால் அவனையே வெறித்துப் பார்த்தார். அவள் குண்டூசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து ஆராதனை. மனசில் உறுத்தல் இருந்தால் எழுந்து போய் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கக்கூடாது என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்தோம். கிருபாகரன் மட்டும் எழவில்லை. பெஞ்சைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்கள்தான் இதையெல்லாம் விடமாட்டார்களே, பின்வரிசையில் அப்போதே ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடித்தாள். ரெபேக்காள் முகத்தில் ரத்தமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜெரோம் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டான். அவள் கதவைச் சாத்தினாள். என்ன நடந்தது என்று பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

"அண்டாவுல பாட்டில் இருந்துச்சே, அது எங்கயா?"

அவர் அவளைப் பார்த்தார். இவளுக்கும் தெரிந்துவிட்டது, இனி மகனைத் திட்டித் தீர்ப்பாள், அழுவாள், அவன் வீட்டை விட்டே போனாலும் போய்விடுவான் என்று அவருக்கு ஓடியிருக்கிறது. 

"நான்தாமே," என்றார். "நான்தான் வாங்கியாந்தேன். நான்தான் குடிச்சேன். பையன ஒண்ணும் கேக்காத."

ரெபேக்காள் அவர் அருகில் போய் நின்றாள்.

"இன்னா குடிச்ச?"

"பிராந்தி."

"அது காலி பாட்டில்யா," என்றாள். "தைக்கிறதுக்கு அளவு பாக்க மகாபலிபுரத்திலர்ந்து நான்தான் எடுத்துகினு வந்தேன். அதுல குடிக்க இன்னா கீது?"

கிருபாகரன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.  அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப, ஜெரோம் இல்லியா?"

ரெபேக்காள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், தினமும் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள். தெரியும் என்றார் அவர். நீ வந்து நின்றபோதெல்லாம் தெரிந்தது, பையன்மேல் வரவேண்டிய சந்தேகம் என்மேல் வந்தால் நல்லதுதான் என்று நின்றேன் என்றார். மத்தியானம் ஜெரோம் பசியோடு வந்தான். அப்பா தன் தட்டிலிருந்த வஞ்சிரத் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, அதையும் சேர்த்துச் சாப்பிட்டான்.

வேலை அப்படியே நின்றது. மானசாவிடம் இன்னொரு காலி பாட்டில் கேட்க வேண்டியிருந்தது. வேண்டாம், இந்த வேலையே வேண்டாம் என்று ரெபேக்காள் சொல்ல, கிருபாகரன் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை லீவு போட்டுத் தானே மாமல்லபுரம் போகிறேன் என்று கிளம்பினார். கூட வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நான் அப்போது கீழே வந்து அவள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாட்டில் வருவதற்குள் இதாவது முடியட்டும் என்று அரக்குப் பட்டில் கொசுவம் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பாட்டிலும் பாருமாக இருக்கிற ஓட்டலுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறாயே, பயமில்லையா என்று கேட்டேன்.

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"குடிக்காததையே குடிச்சேன்னு சொன்ன மனுசன்க்கா அது," என்றாள். "ஊர்ல சம்பாரிச்ச பேரெல்லாம் ஒரு நிமிசத்துல தூக்கிப் போட்டுது, புள்ளைக்காக. அத நம்பாம நான் வேற யார நம்பறது?"

 கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் நீட்டிய பார்டரின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.