கெடாரில் கேட்ட பெயர்

சென்னையிலிருந்து முதல்நாளே வந்து தங்கிய திண்டிவனத்தில் காலை ஆறு மணிக்குப் பாசஞ்சர் ஏறினோம். இரண்டாவது பொதுத் தேர்தல் நடந்த மாசி மாதம் அது. உடன் வந்தவர் நண்பர் சபாபதி, சென்னையில் சரித்திரப் பேராசிரியர். கல்வெட்டைக் கண்டால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் கிராமங்களில் ஜனநாயகம் இருந்தது என்பது அவர் வாதம். மாலையில் விழுப்புரத்தில் அதைப் பற்றிச் சொற்பொழிவு. அதற்குமுன் கெடார் என்ற கிராமத்தில் வாக்குப்பதிவைப் பார்த்தே தீருவேன் என்று என்னையும் இழுத்து வந்துவிட்டார்.

எதிர்ப் பலகையில் முனியம்மா என்றொரு பெண், மடியில் துணிமூட்டையோடு. கெடார்க்காரி. கிளியனூரில் அக்காள் வீட்டில் தங்கி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் கூலிக்குப் போனவள், அன்றைய கூலியை விட்டுவிட்டு ஓட்டுப் போடத் திரும்புகிறாள்.

"போன தபாவே போட்டிருக்கணும் சார். வூட்டுக்காரர் பேரச் சொல்லுன்னாரு ஆபீசரு. வாய்ல வரல. திரும்பி வந்துட்டேன்."

"பக்கத்துல நின்னவங்க சொல்லலாமே அம்மா?" என்றேன்.

"சொன்னாங்க. நீயே சொல்லணும்னுட்டாரு. சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லிக்கினே இருக்கும்."

"இந்தத் தடவை?"

"தெர்லிங்க. ஆனா சும்மா மட்டும் திரும்ப மாட்டேன்."

ஏழரைக்கு விழுப்புரம். அங்கிருந்து கண்டாச்சிபுரம் பஸ்ஸில் பத்து மைல் சொச்சம், ஆளுக்கு ஆறணா. வழியெல்லாம் சபாபதி பழைய ஊர்ச்சபைகளைப் பற்றியே பேசினார். முனியம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்குக் கெடார். பள்ளிக்கூட வாசலில் ஆண்களும் பெண்களும் தனித்தனி வரிசையாக நின்றிருந்தார்கள். பண்ணைக்காரருக்குப் பின்னால் அவர் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர், ஒரே வெயிலில். நாங்கள் வாசலுக்கு எதிரே சாலையோரப் புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டோம்.

முனியம்மாவின் முறை வந்தது. வாசல் மேஜையில் இருந்த அதிகாரி பட்டியலைப் புரட்டினார்.

"புருஷன் பேரு?"

பின்னால் நின்றவள் சொல்ல வாயெடுத்தாள். அதிகாரி கையமர்த்தினார். இந்தத் தடவையும் போயிற்று என்று நினைத்தேன். முனியம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்தாள்.

"கோயிந்தன்."

புளியமரம் வரைக்கும் கேட்டது. உடனே ஆண்கள் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா?"

மனைவி தன்னைக் கூப்பிட்டதாக நினைத்துவிட்டார் மனுஷர். வரிசை முழுவதும் சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டே, "இந்தாம்மா, உள்ள போ" என்று சீட்டைக் கொடுத்தார். எனக்கு மட்டும் ஏனோ கண் கலங்கிவிட்டது. ஒரு தேசம் முழுவதும் இப்படி வரிசையில் நிற்கிறது என்று நினைக்கவே பிரமிப்பாக இருந்தது.

வெளியே வந்தவள் மை வைத்த விரலை எங்களிடம் காட்டினாள். "அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வர்றேங்க. அவரு ஆயுசுக்கு வேண்டிக்கணும்."

திரும்பும் பஸ்ஸில் சபாபதி என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சபைகளில் யார் உட்கார முடியும் தெரியுமா? நிலம் இருக்கிறவன். நான் அதை மறைத்ததில்லை, உரக்கச் சொன்னதும் இல்லை. இவளைப் போன்ற ஒருத்திக்கு என் கல்வெட்டில் எங்கேயும் இடம் கிடையாது ஐயா. இது இப்போதுதான் பிறந்திருக்கிறது. மாலையில் இதைத்தான் பேசப் போகிறேன்."

சென்னையில் எங்கள் வட்டாரத்தில் போன வாரமே வாக்குப்பதிவு முடிந்திருந்தது. நான் காலையிலேயே போய்ப் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் மனைவியும் ஒருநாள்கூட என் பெயரைச் சொன்னதில்லை. அவள் ஓட்டுப் போட்டாளா என்று நான் கேட்கவே இல்லை.