இருநூற்று நாற்பத்திரண்டு மீட்டர்

நில அளவைத் துறையில் அவளுக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் சர்வேயரம்மா. இரண்டு வீட்டுக்கு நடுவில் நிற்கும் சுவர் யாருடையது என்று அளந்து சொல்வது வேலை. அளந்து முடித்ததும் ஒரு வீட்டுக்காரர் "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்பார். மற்றவர் கேட்கமாட்டார். அவள் எப்போதும் சொந்தமாக ஒரு பாட்டில் வைத்திருந்தாள்.

ஐம்பத்தோராவது வயதில் அவளை வரைபடப் பிரிவில் உட்காரவைத்தார்கள். இனிமேல் வெயிலில் அலைய வேண்டாம் என்று மேலதிகாரி பெரிய மனதோடு செய்த உபகாரம் அது. ஒன்பது மாதத்தில் எட்டு கிலோ ஏறியது. இரண்டு மாடி ஏறினால் மூன்றாவது மாடி வரைக்கும் மூச்சு வாங்கியது. நடக்கச் சொன்ன டாக்டர், முடிந்தால் ஓடவும் சொன்னார்.

விஷயம் கொழுந்தன் காதுக்குப் போனதும் அவன் அன்று மாலையே வந்துவிட்டான். அவன் வங்கியில் காசாளர். ஓட்டப் பைத்தியம். புதுக் கைக்கடிகாரம் வாங்கியிருந்ததால் பழையதை அண்ணிக்குக் கொண்டுவந்திருந்தான்.

"இதுல எல்லாமே இருக்கு அண்ணி. எவ்வளவு தூரம் ஓடினீங்க, எவ்வளவு வேகம், நெஞ்சு எப்படி அடிக்குது, எல்லாம் காட்டும்."

"தூரம் சரியா காட்டுமா?"

"என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க! செயற்கைக்கோள்லேர்ந்து நேரா வருது."

"அதே செயற்கைக்கோளை வெச்சுத்தான் ஆபீஸ்ல நாங்களும் அளக்குறோம் தம்பி. சரியா காட்டுமான்னு கேட்டேன்."

கொழுந்தன் கொஞ்சம் யோசித்தான். "ஒரு சதவீதம் முன்னபின்ன இருக்கும்" என்று ஒப்புக்கொண்டான்.

அவனுக்கு அந்தக் குடும்பத்தில் தனி மரியாதை உண்டு. ஏரிக்கரைச் சாலையில் வருடா வருடம் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை மூன்று வருடத்துக்கு முன் நாற்பத்தொன்பது நிமிடம் நாற்பத்தெட்டு விநாடியில் முடித்தவன். ஐம்பது நிமிடத்துக்குள் முடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருந்தான். டிவி பார்க்கப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும்.

முதல் நாள் அவள் ஒன்றே கால் கிலோமீட்டர் ஓடினாள். நின்றதும் கடிகாரம் அதிர்ந்து, எழுபத்திரண்டு மணி நேரம் ஓய்வெடுக்கச் சொன்னது. வீட்டுக்கு வந்து கணவரிடம் மணிக்கட்டை நீட்டினாள். பல் செட்டு செய்கிறவர் அவர். கருவி சொன்னால் கேட்டுக்கொள்ளும் சுபாவம். மூன்று நாளும் சமையலை அவரே பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் அந்தக் கடிகாரத்தை அவளைவிட அவர்தான் அதிகம் எட்டிப் பார்த்தார்.

ஆனாலும் அவள் விடவில்லை. தினம் காலையில் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவாள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மணிக்கட்டில் ஒரு குட்டி அதிர்வு. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு தூரம் முடிந்தது என்று யாரோ கையெழுத்துப் போட்டுத் தருவதுபோல இருந்தது. ஏழு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது. அந்த வருட ஏரிக்கரை ஓட்டத்துக்குக் கொழுந்தனோடு அவளும் பெயர் கொடுத்தாள்.

ஒரு மணி பதினான்கு நிமிடத்தில் ஓடி முடித்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டிக் கடிகாரத்தை நிறுத்திப் பார்த்தால் 9.76 என்றது. பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றவரிடம், "உங்களுது எவ்வளவுங்க காட்டுது?" என்று கேட்டாள். 9.77. அடுத்தவருக்கு 9.75. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பதினோரு பேரைக் கேட்டுவிட்டுக் கொழுந்தனிடம் போனாள்.

"எல்லா வருஷமும் இப்படித்தான் அண்ணி. அந்தப் பக்கம் மரம் ஜாஸ்தி. சிக்னல் கிடைக்காது."

"மரம் இருந்தா கோடு அங்கயும் இங்கயும் வளைஞ்சு தூரம் கூடத்தான் செய்யும். பதினோரு கருவியும் பேசிவெச்ச மாதிரி ஒரே அளவு குறைக்காது தம்பி."

"பதக்கம் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டுக் கொழுந்தன் பேச்சை மாற்றினான்.

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தெரிந்தவரிடம், தள்ளிக்கொண்டு நடந்தால் தூரம் காட்டும் ஓர் அளவுச் சக்கரத்தை இரவல் வாங்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கணவரையும் எஃகு டேப்பையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். முதலில் டேப்பை விரித்துச் சக்கரமே சரியா என்று சோதித்தாள். கணவர் முணுமுணுக்காமல் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். ஒரு மயிரிழை பிசகினால் வாய் மூடாது என்பது அவருக்குத் தொழிலில் தெரிந்த விஷயம்.

ஏரிக்கரையோடு வளைந்து போய், அதே வழியில் திரும்பிவரும் பாதை அது. திரும்பும் இடத்தில் ஓட்டக் குழு ஒரு சிவப்புக் கூம்பு வைப்பது வழக்கம். போகும்போது 4,879 மீட்டர், வரும்போதும் 4,879. ஆக மொத்தம் இருநூற்று நாற்பத்திரண்டு மீட்டர் குறைச்சல். பாதை வரைபடப்படி கூம்பு நிற்கவேண்டிய இடம் இரண்டாவது மதகு. நாலு வருடத்துக்கு முன் அங்கே குழாய்க்குப் பள்ளம் தோண்டியபோது கூம்பைப் பம்ப் அறை வாசலுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். பள்ளம் மூடப்பட்டது. கூம்பு திரும்பிப் போகவில்லை.

"இதை வெளியில சொல்லணுமா?" என்று கணவர் கேட்டார். "அவன் அந்தச் சட்டத்தைத் தினம் துடைக்கிறான்."

"அதனாலதான் முதல்ல அவர்கிட்ட சொல்லணும்."

கொழுந்தனை வீட்டுக்கு வரச்சொல்லி, தேநீர் கொடுத்து, வரைபடத்தை விரித்து எல்லாவற்றையும் சொன்னாள். காசாளன் ஆயிற்றே, காகிதம் இல்லாமலே கணக்குப் போட்டான்.

"அம்பத்தி ஒண்ணு, ரெண்டு" என்றான் கடைசியில். ஐம்பத்தொரு நிமிடம், இரண்டு விநாடி. தேநீரைத் தொடாமல் எழுந்து போனான்.

ஓட்டக் குழுச் செயலாளர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அவள் கொடுத்த வரைபடத்தை விற்காத டைலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நாலு வருஷமா ஒருத்தர்கூட குறை சொல்லலையேம்மா?"

"குறைஞ்ச தூரத்துக்கு யாருங்க குறை சொல்லுவாங்க?"

செயலாளர் நேர்மையானவர். அன்று சாயங்காலமே வரைபடத்தைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார். நாலு வருடச் சாதனைகள் ஒரே ராத்திரியில் பழுதாயின. 'இந்தம்மாவுக்கு வீட்டில் வேலை இல்லையா?' என்று ஒருவர் எழுதினார். இருபத்திரண்டு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். பெயர்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கொழுந்தன் பெயர் இல்லை. அன்று நன்றாகத் தூங்கினாள்.

ஆனால் அதற்குப் பிறகு அவன் மாதக்கணக்கில் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. போன் செய்தால் அண்ணனிடம் மட்டும் பேசினான். அவள் பாட்டுக்குக் காலையில் ஓடினாள். ஓடும்போது அவனை நினைத்துக்கொண்டாள் என்பது நாடித்துடிப்பில் தெரிந்தது.

மறு வருடம் பாதையை அவளையே அளக்கச் சொன்னார்கள். இரண்டாவது மதகருகே தாரில் ஓர் ஆணி அடித்து, சுற்றிலும் மஞ்சள் வண்ணம் பூசினாள். கொழுந்தன் வந்து ஓடினான். ஐம்பது நிமிடம் ஏழு விநாடி. நேராக அவளிடம் வந்தான். அத்தனை நாள் கழித்து அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"இன்னொரு தடவை அளங்க அண்ணி."

மறுநாள் இருவரும் போனார்கள். சக்கரத்தை அவனே தள்ளினான். திரும்பி வந்து சேர்ந்தபோது 10,010 காட்டியது.

"பத்து மீட்டர் ஜாஸ்தி!" என்று கத்தினான்.

"விதி அது. எப்படி அளந்தாலும் தூரம் குறையக் கூடாதுன்னு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்த்துப் போடணும்."

"பத்து மீட்டர்னா மூணு செகண்ட். அதைக் கழிச்சாலும்..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் சாலையோரத்தில் உட்கார்ந்தான். அப்புறம் சிரித்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் அவன் அண்ணன் வீட்டில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

அதிலிருந்து காலையில் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். அவன் முன்னால் ஓடிப்போய், திரும்பி வந்து, மறுபடி முன்னால் ஓடுவான். அதற்கடுத்த வருட ஓட்டத்தில் அவன் ஒரு விநாடிகூடக் கடன் சொல்லாமல் நாற்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் முடித்தான். இருபது நிமிடம் கழித்து அவள் வரும்வரை முடிவுக் கோட்டிலேயே நின்றிருந்தான்.

"அண்ணி, என் வாட்ச்சுல 10.06 காட்டுது. விதிப்படி பத்து போக, மீதி அம்பது மீட்டர் எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்க வளைவுல எல்லாம் வெளிப்பக்கமா ஓடுறீங்க. உள்பக்கமா ஓடணும்."

"ஒரு வருஷமா கூடவே ஓடுறீங்க, சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே தம்பி."