மிலிட்டரி அண்ணனுக்கு மூன்றாவது பெட்டி

ஞாயிற்றுக்கிழமை, காலை 4.50. மிலிட்டரி அண்ணன் போய்விட்டார்.

அவர் கடையில் குளிர்பெட்டி மொத்தம் மூன்று. இரண்டு வாடகைக்குப் போயிருக்கின்றன. மூன்றாவது ஓடாது.

வெளியூர் நண்பர்களுக்காக... பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பந்தல், சேர், சாவு வீட்டுக்குக் குளிர்பெட்டி எல்லாம் வாடகைக்கு விடும் மாதையன்தான் மிலிட்டரி அண்ணன். பதினேழு வருடம் ராணுவம், ஹவில்தாராக இருந்து வெளியே வந்தவர். கோபம் வந்தால் ஹிந்தியில் மட்டும்தான் திட்டுவார்.

நான் ஏசி, ஃப்ரிட்ஜ் சர்வீஸ். அவர் பெட்டிகளை ரிப்பேர் பார்ப்பது நான்தான்.

நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே... அவ்வளவுதான்.

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, போன் செய்து இரண்டே விஷயம் சொன்னார். அண்ணன் இல்லை. மகள் வாணி மஸ்கட்டில் நர்ஸ், நாளை மதியம்தான் வந்து சேருவாள்.

வெயில் காலம். அரூர், பொம்மிடி, கம்பைநல்லூர் எல்லா இடத்திலும் கேட்டுவிட்டோம், ஒரு பெட்டியும் சும்மா இல்லை. ஐஸ் பார் வைத்தால் இன்று சாயந்திரம் வரை தாங்கும். நாளை வரை தாங்காது.

இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. பெட்டி ஓடினால் வாணி அப்பா முகத்தைப் பார்ப்பாள். இல்லையென்றால் இன்று சாயந்திரமே எடுத்தாக வேண்டும்.

அந்த மூன்றாவது பெட்டிதான் அவர் முதன்முதலில் வாங்கியது. கம்ப்ரஸர் போய் மாதக்கணக்கில் ஆகிறது. காயலான் கடைக்குப் போடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். மனுஷன் கேட்டால்தானே...

இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். ராணுவத்தில் இருந்தபோது, இறந்துபோன ஒரு சிப்பாய்ப் பையனின் உடலோடு இவரை அவன் ஊருக்கு அனுப்பினார்களாம். பல நாள் ஆகியிருந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ஆர்டர்.

"அவங்காத்தா வந்து, மூஞ்சிய மட்டும் காட்டு சாமின்னு என் பூட்ஸப் புடிச்சிக்கிச்சுடா. நா அட்டென்ஷன்ல நின்னுட்டிருந்தேன்."

அப்படியே பேச்சை மாற்றி, கேஸ் ஏத்திட்டியா என்று கேட்டார்.

இன்னொன்று. போன வருடம் ஒரு பெரிய வீட்டில் பெட்டியை இறக்குகிறோம். இது காலனிக்குப் போய் வந்த பெட்டியா என்று ஒருத்தர் கேட்டார். அண்ணன் ப்ளக்கைக் கையில் வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"போயிருக்குங்க. உள்ள படுத்தா எல்லாருக்கும் ரெண்டு டிகிரிதாங்க. வேணாம்னா சொல்லுங்க, ஏத்திக்கறேன்."

ப்ளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள்.

இன்று காலை அதே பேச்சு அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது. வெளியே போன இரண்டு பெட்டியில் ஒன்று காலனியில் இருக்கிறது, அதை எடுத்து வந்தால் அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார் அக்காவின் தம்பி.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "அவரு எந்த வூட்லயிருந்தும் பொட்டியப் பாதில எடுத்தாந்ததில்ல. இன்னிக்கு எடுத்தாந்தீன்னா எழுந்து உக்காந்து ஹிந்தில திட்டுவாரு."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே அழுதார்கள்.

அரை மணி நேரத்தில் அந்தக் காலனி வீட்டுப் பையனே பைக்கில் வந்து நின்றான். இறந்தது அவன் அப்பா. விஷயம் கேள்விப்பட்டேன், நாங்கள் இன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிறோம், பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

"உங்கக்கா வந்துட்டாளா?" என்று அக்கா கேட்டார்.

"கேரளாவுலருந்து வரணுங்க. நாளைக்கிதான்."

"அப்ப போப்பா. அவ வந்து பாக்கட்டும்."

அவன் பைக்கை ஓரமாக நிறுத்தினான். பிறகு உள்ளே போய் அண்ணனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.

ஆக, மூன்றாவது பெட்டிதான். வேறு வழி இல்லை.

பேக்கரி பாய் கடை ஃப்ரீசரில் மாட்டுவதற்காக ஒரு புது கம்ப்ரஸர் என்னிடம் இருந்தது. பாய்க்குப் போன் போட்டேன். என்னை முழுதாகச் சொல்லவே விடவில்லை.

"மிலிட்டரிக்கா? மாட்டுப்பா மொதல்ல. நா ஒரு வாரம் ஐஸ்கிரீம் விக்கலன்னா ஊரு ஒண்ணும் செத்துடாது."

பழைய கம்ப்ரஸரைக் கழற்றி, புதியதைப் பற்றவைத்து, வேக்யூம் எடுத்து, கேஸ் ஏற்றினேன். ஆள் ஆளுக்கு எப்போது ரெடியாகும் என்று கேட்டார்கள். எனக்கே தெரியாதபோது என்னத்தைச் சொல்ல...

9.40க்கு ஓடியது. பத்தரைக்கு இரண்டு டிகிரி. அண்ணனை உள்ளே வைத்தோம்.

அக்கா கண்ணாடி மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சில்லுன்னு இருக்குப்பா" என்றார். அப்போதுதான் நான் உடைந்துபோனேன். பின்பக்கம் ஜெனரேட்டர் கிட்டே வந்து உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்.

அண்ணா... வாணி வந்துகொண்டிருக்கிறாள்.

இனிமேல் நான் செய்யப்போவது:

1. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வைப்பது. இந்த வெயிலில் கரண்ட்டை நம்ப முடியாது.

2. நாளை மதியம் வரை பெட்டி பக்கத்திலேயே இருப்பது. வேறு வேலைக்கு யாரும் கூப்பிடாதீர்கள், வர மாட்டேன்.

3. பெங்களூரு ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்புவது. வாணிக்கு வழியில் போன் செய்து யாரும் அழ வேண்டாம், தயவுசெய்து.

4. அவள் வந்ததும் கண்ணாடி மூடியைத் தூக்கிவிட்டு, வெளியே வந்துவிடுவது.