கிற்றார்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை

மற்றத் தொழில்காரரிடம் "எப்போது தொடங்குவாய்?" என்று கேட்பார்கள், எங்கள் கடலோர ஊரான பேசாலையில் றொக் கிற்றார் வாசிப்பவனிடம் "எப்போது நிறுத்துவாய்?" என்றுதான் கேட்பார்கள். வீட்டில் ஓர் அம்பிளிபயரும் பக்கத்து வீட்டில் ஒரு மாமியும் உள்ள அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சில சம்பவங்கள்.

எஞ்சின் கோளாறு

றொசாலினை எனக்குப் பிடிக்கும், அவளுக்கும் என்னைப் பிடிக்கும். அவளுடைய அப்பா பிலேந்திரன் சம்மாட்டியாருக்குத்தான் பிடிக்கவில்லை. மூன்று படகும் பத்துப் பன்னிரண்டு ஆட்களும் வைத்து மீன்பிடி நடத்துகிறவர். ஒருநாள் துணிந்து பெண் கேட்கப் போனேன், கிற்றாரோடும் அம்பிளிபயரோடும்தான். கதிரையில் இருத்தினார், தேத்தண்ணீர் தந்தார், "என்ன வாசிக்கிறனி, ஒருக்கா வாசி பாப்பம்" என்றார்.

கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவேனா? அம்பிளிபயரை முழுக்கத் திருகிவிட்டு, நன்றாகக் கரகரக்கும் ஒரு துண்டை எடுத்துவிட்டேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். ரசிக்கிறார் என்றே நினைத்தேன். முடிந்ததும் எழுந்து வந்து, அம்பிளிபயரின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

"பெற்றோலுக்குள்ள தண்ணி போயிருக்கு, தம்பி. இதை வித்துப்போட்டு வா. திருவிழா முடியப் பெட்டையைப் பற்றிக் கதைப்பம்."

தலையாட்டிய குற்றம்

அது தவக்காலம். ஊரில் கலியாணமும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை, பாட்டுச் சத்தமும் இல்லை. எனக்கோ திருவிழா மேடைக்குப் பயிற்சி வேண்டும். அங்கே ஊரே கைதட்டினால் சம்மாட்டியார் மனம் மாறாதா என்ற நப்பாசை. மின் கிற்றாரை அம்பிளிபயரில் செருகாமல் வாசித்தால் எறும்புக்குக்கூடக் கேட்காது. அப்படியே அறைக்குள் இருந்து நாற்பது நாளும் பழகுவது என்று முடிவெடுத்தேன்.

நாலாம் நாளே பங்குச் சுவாமியார் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்து வீட்டுக் கிறகோரியா மாமி முறைப்பாடு கொடுத்திருக்கிறா. "சத்தமே வராதே மாமி" என்று சுவாமியார் முன்னாலேயே வாதாடினேன். மாமி என் பக்கம் திரும்பவே இல்லை.

"சத்தம் கேக்கேல்லைத்தான் சுவாமி. ஆனா யன்னலால பாத்தா இவன்ர தலை ஆடுது."

கட்டுக்கரைப் பாராட்டு

உள்ளூரில் மதிப்பில்லாவிட்டால் வெளியூரில் பெயர் எடுப்போம், அது சம்மாட்டியார் காதுக்கும் போகும் என்று, தவக்காலம் முடிந்த கையோடு கட்டுக்கரைப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்கு நானும் எங்கள் இசைக்குழுப் பொடியன்களும் வாசிக்கப் போனோம். வயலை ஒட்டிப் பந்தல். பெண்ணின் பெரியப்பா கடைசிவரை அசையாமல் முன்வரிசையில் இருந்தார். முடிந்ததும் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, நாளைக்குப் பின்னேரமும் வாங்கோ. வயலுக்க நிண்டு இப்பிடியே ஒருக்கா அடிச்சீங்கள் எண்டால், இந்தப் போகம் முடியுமட்டும் காட்டுப்பண்டி வராது."

திருவிழா மேடை

எங்கள் வாத்தியங்களைச் சம்மாட்டியாரின் வலைகள் கிடக்கும் கடற்கரைக் கொட்டிலான வாடியில்தான் வைத்திருந்தோம். றொசாலின் கெஞ்சி வாங்கித் தந்த இடம். திருவிழாப் பின்னேரம் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓடிப்போய்ப் பையைத் தூக்கி வந்து மேடையில் திறந்தேன். துருப்பிடித்திருந்த கம்பிகள் ஆறையும் காணவில்லை. அந்த இடத்தில் மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பு ஆறு, மெல்லியதிலிருந்து தடித்ததுவரை ஒழுங்காகப் பூட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே சம்மாட்டியாரின் கை என்று தெரிந்துவிட்டது. மின் கிற்றார் இரும்புக் கம்பிக்குத்தான் பேசும். நைலோன் தங்கூசிக்கு வாய் திறக்காது. அடித்தேன். சத்தமில்லை.

முன்வரிசையில் சம்மாட்டியார், மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கிறதே என்று இரங்கி உதவி செய்திருக்கிறார்! ஊர் முழுவதும் கூடியிருக்கையில் அந்த மனிதரை எப்படிக் காட்டிக்கொடுப்பது? மைக்கைப் பிடித்து, "என்ர பிழைதான், சாமானைப் பாக்காமல் ஏறிட்டன்" என்றேன். ஊரே சிரித்தது. எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. ட்றம்ஸ்காரன் தாளம் போட, நான் தங்கூசியைத் தடவிக்கொண்டு ஐந்து நிமிடத்தை ஓட்டினேன். இறங்கி வரும்போது கிறகோரியா மாமி முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தா.

"இண்டைக்குத்தான் மோனை நீ நல்லா வாசிச்சனி."

தீர்ப்பு

மறுநாள் காலை சம்மாட்டியார் வீட்டுக்குப் போனேன். கிற்றாரையும் விற்கமாட்டேன், றொசாலினையும் விடமாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினேன். இல்லை என்றுவிட்டால் அவள் இல்லாமல் என்ன செய்யப் போகிறேன் என்று உண்மையிலேயே பயந்தேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் வாயைத் திறக்குமுன் அவர் தொடங்கினார்.

"தங்கூசி கட்டினால் சத்தம் வராது எண்டு கடையில விசாரிச்சுப்போட்டுத்தான் கட்டினனான். நீ மேடையில நிண்டு என்ர பேரைச் சொல்லிச் சண்டை பிடிப்பாய், அதைச் சாட்டி உன்னைத் துரத்துவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நீ சொல்லேல்லை. கிற்றாரும் உன்னோடையே கிடக்கட்டும். வா, சுவாமியாரிட்டப் போய்க் கலியாணத்துக்கு நாள் கேப்பம்."

இன்றுவரை எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பாட்டுகளை வாசித்துவிட்டேன். எனக்குப் பெண் கிடைத்தது என்னவோ சத்தமே வராத அந்த ஒன்றுக்குத்தான்.