செல்வி அக்காவின் நிறம்

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் செல்வி அக்கா மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தாள். அத்தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "யாரு மாப்ள இது?" என்றார். ஐந்தாவதுகூடத் தாண்டாமல் அறந்தாங்கியில் மூன்று ஸ்டுடியோ போட்டவன் நான். இந்த வெளுப்பை நான் சின்ன வயதிலேயே பார்த்தவன்.

அப்பா கருப்பு வெள்ளைப் படம் எடுப்பவர். அக்காவுக்கு வரன் பார்க்கையில், "புள்ள செவப்பாத் தெரியணுங்க" என்றாள் ஆத்தா. முகம் வெளுக்கட்டுமென்று அப்பா, அச்சுத்தாள் கழுவும் காட்டமான மருந்திலேயே பிலிமையும் போட்டார். படத்தில் கூந்தல் கரியாகி, முகம் சுண்ணாம்பாகி, கன்னத்து மச்சமும் மறைந்துபோனது.

கீரமங்கலத்திலிருந்து வந்தவர்கள் படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "போட்டோவுல இருக்க புள்ளையக் கூப்புடுங்க" என்றாள் ஒருத்தி. கொடுத்த காபி அப்படியே ஆறியது.

மறுவாரம் அக்காவே கேமரா முன் உட்கார்ந்தாள். "மச்சம் தெரியாட்டி இன்னொருத்தர் முன்னாடி நிக்கமாட்டேம்ப்பா."

அப்பா இம்முறை பிலிமுக்குரிய சாதுவான மருந்தில் நிதானமாகக் கழுவினார். அக்காவின் மாநிறமும் மச்சமும் அப்படியே வந்தன. அதைப் பார்த்துத்தான் அத்தான் வந்தார்.

பிளக்ஸ் கடைக்குப் போன் போட்டேன்.

"பளிச்சுன்னுதான வந்துருக்குங்கய்யா?"

"கட்டுனவருக்கே அடையாளம் தெரியல தம்பி. மச்சத்தோட, அக்கா நெறத்துலயே அடிச்சுக் குடு."